விழுந்த ரொட்டி

விடிவதற்கு முன் ஃபஜ்ர் தொழுகைக்கான அழைப்பு எழும்போது கார்மூஸ் சந்து ரொட்டிக்கடையில் முதல் ஈடு வெந்து முடிந்திருக்கும். பிஷாய் இடுப்பளவு தொட்டிக்குள் குனிந்து மாவைக் கிள்ளி உருட்டுவான். தவிடு தூவிய பலகையில் உருண்டைகள் வரிசையாக அமரும். அத்திய்யா பலகையைத் தோளில் சுமந்து போய் அடுப்பின் வாய்க்குள் ஒவ்வொன்றாகத் தட்டிப் போடுவான். மறுபக்கம் அவை உப்பிக்கொண்டு வந்து விழும். கவ்ஸர் அவற்றை வெறுங்கையால் அள்ளி, ஈச்சமட்டைத் தட்டுகளில் ஆறப் பரப்புவாள். விரல்கள் வெந்து மரத்துப்போன பிறகுதான் ஜன்னலைத் திறப்பாள்.

அந்தக் கம்பி ஜன்னல்தான் அவளுடைய உலகம். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது. ஒரே மகன் ஹானி லிபியாவில் சிமெண்ட் சுமக்கிறான். வெள்ளிக்கிழமை தவறாமல் வந்த அவன் போன் இப்போது எப்போதாவது வருகிறது. ஆனாலும் தெரு அவளை ‘உம்மு ஹானி’, ஹானியின் தாய், என்றே அழைத்தது. வரிசையில் முதலில் நிற்கும் உம்மு ஹிந்த், “நல்ல காலை, உம்மு ஹானி” என்பாள். கவ்ஸர் சும்மா விடுவாளா? “ஒளிக் காலை” என்று ஒரு படி ஏற்றுவாள். உம்மு ஹிந்த் அதற்கும் மேலே போய் “மல்லிகைக் காலை” என்று முடிப்பாள். பின்னால் நிற்பவர்களும் ஆளுக்கொரு பூவைச் சேர்ப்பார்கள். கவ்ஸருக்கு அன்றைய பொழுதுக்கு அது போதும்.

அந்தக் கோடையில் அரசாங்கம் ரேஷன் ரொட்டியின் விலையை ஒரேயடியாக நான்கு மடங்காக்கியது. அந்தச் சூடு ஆறுவதற்குள் மின்கட்டணமும் ஏறியது. அதன்பின் எது ஏறவில்லை? டீ ஏறியது, வேன் கட்டணம் ஏறியது, முடிவெட்டும் கூலி ஏறியது. தள்ளுவண்டியில் எலுமிச்சை விற்கிறவன்கூட, “கரண்டு ஏறிடுச்சே, தெரியாதா?” என்றான். எலுமிச்சைக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கவ்ஸர் கேட்டதற்கு, தன் வீட்டில் மட்டும் விளக்கு எரிய வேண்டாமா என்று மடக்கினான். அவள் பாதிப் பழங்களைத் திருப்பி வைத்துவிட்டு வந்தாள்.

எல்லோரும் ஏற்றினார்கள். ஏறாதது ரொட்டிக்கடை ஆட்களின் கூலி மட்டும்தான். அது போதாதென்று முதலாளி ஹாஜி ஷவ்கி ஒருநாள் பிஷாயின் தோளில் கைவைத்து, உருண்டையைக் கொஞ்சம் ஒடுக்கச் சொன்னார். விலையை அரசாங்கம் ஏற்றியது, அளவை ஹாஜி இறக்கினார்.

ரொட்டி சிறுத்தது முதலில் குழந்தைகளுக்குத்தான் தெரிந்தது. பிறகு தாய்மார்களுக்கு. அரசாங்கத்தைத் திட்டப் பயம். ஹாஜியோ கண்ணிலேயே படுவதில்லை. ஆகவே ஜன்னலில் தெரிந்த முகத்தைத் திட்டினார்கள். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். அம்புக்கும் வலிக்கும் என்று யாரும் சொன்னதில்லை. உம்மு ஹிந்த் ஒருநாள் ரொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உன் கை ரொம்பச் சின்னதாயிடுச்சுடி” என்றாள். மறுநாளிலிருந்து அவள் ரேஷன் கார்டை நீட்டினாள், ரொட்டியை வாங்கினாள், போனாள். நல்ல காலையும் இல்லை, மல்லிகையும் இல்லை. வரிசையே ஊமையாகிவிட்டது.

வீட்டிலும் பேச்சுத் துணை போய்விட்டது. மின்மீட்டரில் கார்டைப் போட்டுக் காசு ஏற்றினால்தான் விளக்கு எரியும். ஏற்றிய காசு கோடை வெயிலில் வைத்த பனிக்கட்டி போலக் கரைந்தது. கவ்ஸர் முதலில் ஃபிரிட்ஜை நிறுத்தினாள். ஒற்றை ஆளுக்கு எதற்கு என்று அதில் துணிகளை அடுக்கினாள். பிறகு டிவியை நிறுத்தினாள். அதில் யாரோ யாருடனோ சண்டை போடுவதைக் கேட்டுக்கொண்டே சாப்பிடுவது அவள் பழக்கம். இப்போது தான் மெல்லுகிற சத்தம் தனக்கே கேட்டது. அது அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

சித்திரை வெயில் போல ஆகஸ்ட் காய்ந்த ஒரு காலையில் ஹாஜி வந்து, அடுப்புச் சூட்டை வெளியே இழுக்கும் பெரிய ஃபேனை அணைத்துவிட்டுப் போனார். அது மீட்டரைக் குடிக்கிறதாம். மறுநாளும் அணைத்தே கிடந்தது. சுவரில் கைவைக்க முடியவில்லை. அத்திய்யா சட்டையைக் கழற்றினான், ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டான், அடிக்கடி வாசலுக்கு வந்து நின்றான். வாந்தி வருகிறது என்றான். ஒரு எலுமிச்சைச் சாறு குடி என்று கவ்ஸர் சொன்னாள். எலுமிச்சை விலை தெரியுமா என்று அவன் சிரித்தான்.

வெந்த ரொட்டியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு ஜன்னலை நோக்கி வந்தவன் வாசலருகே அப்படியே சரிந்தான். தட்டு தெறித்தது. ரொட்டிகள் தரையெல்லாம் உருண்டன.

கீழே விழுந்த ரொட்டியை மிதிக்க அந்த ஊரில் யாருக்கும் மனம் வராது. எடுத்து முத்தமிட்டு, நெற்றியில் ஒற்றி, உயரமான இடத்தில் வைக்க வேண்டும். நடக்கப் பழகும்போதே கை அதைப் பழகிவிடும். பிஷாய் குனிந்தான். வரிசையிலிருந்து உம்மு ஹிந்தும் இன்னும் சில பெண்களும் ஓடிவந்து குனிந்தார்கள். அன்று கணக்குப் பார்க்க வந்து கல்லாவில் உட்கார்ந்திருந்த ஹாஜியும் எழுந்து வந்து குனிந்தார். எல்லோரும் பொறுக்கினார்கள், முத்தமிட்டார்கள், மாடத்தில் அடுக்கினார்கள். கவ்ஸரும் ஒன்றை எடுத்து முத்தமிட்டு, இன்னொன்றை எடுத்து, அடுத்ததற்குக் கை நீட்டியபோது அதன்மேல் ஒரு கை கிடந்தது. சூடான ரொட்டிமேல் கிடந்தும் அது அசையவில்லை.

ஒரு மனிதன் கீழே கிடக்க, அவனைச் சுற்றி இவ்வளவு பேரும் ரொட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தோமே என்று வெட்கத்தில் அவளுக்கு உடம்பு கூசியது. “ஆளைத் தூக்குங்க” என்று கத்தினாள். பிஷாயும் மற்றவர்களும் அவனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். வரிசை ரொட்டி வாங்காமலே கலைந்தது.

கவ்ஸர் போய் ஃபேன் சுவிட்சைப் போட்டாள். ஹாஜி வந்து அணைத்தார்.

“பில்லு என் பேர்லதாம்மா வருது, உன் பேர்ல இல்ல” என்றார். கெட்ட குரலில் சொல்லவில்லை. அரசாங்கம் தனக்குத் தரவேண்டிய பணத்தை இழுத்தடிப்பதையும் டீசல் விலையையும் சொல்லிப் புலம்பினார்.

“எங்க வீட்லயும் மீட்டர் இருக்கு ஹாஜி. ஏறுனா நாங்க யார் ஃபேனை அணைக்கிறது?”

“புடிக்கலைன்னா போ. இந்த ஜன்னலுக்கு ஆளா கிடைக்காது?”

“ஜன்னலுக்குக் கிடைக்கும். அத்திய்யா பொண்டாட்டிக்கு?”

அவர் மாடத்தில் இருந்த ரொட்டிகளைத் தட்டித் துடைத்து மாலையில் விற்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மாலையில் ஆஸ்பத்திரியிலிருந்து பிஷாய் வந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. கை வெந்திருக்கிறது. தேற நாளாகும், அதுவரை கூலி கிடையாது. கவ்ஸர் தரையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“கண்ணு முழிச்சதும் என்ன கேட்டான் தெரியுமாக்கா?” என்றான் பிஷாய். “ரொட்டியெல்லாம் பொறுக்கிட்டீங்களான்னு.”

கவ்ஸர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். பிறகு மாவுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, கடை ஆட்கள் எல்லோரும் பேசினார்கள். ஃபேன் ஓடாமல், உருண்டை பழைய அளவுக்கு வராமல், அத்திய்யாவின் கூலி வீடு போய்ச் சேராமல் நாளை மாவில் கை வைப்பதில்லை என்று பிஷாய் சொன்னான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். கவ்ஸர் மட்டும் தயங்கினாள். அவளுக்கு ஹாஜியிடம் பயமில்லை. வரிசையை நினைத்துத்தான் பயம். சின்ன ரொட்டி கொடுத்ததற்கே முகத்தைத் திருப்பிக்கொண்ட தெரு, ரொட்டியே இல்லாத காலையை மன்னிக்குமா? ஹானி அங்கே, இவள் இங்கே. தெருவும் போனால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

“நீ வராட்டியும் பரவாயில்லக்கா” என்றான் பிஷாய்.

“நான் வராம? ஜனங்க என்னைத்தான கேப்பாங்க” என்றாள் கவ்ஸர்.

விடியற்காலை அடுப்பு எரியவில்லை. தவிட்டு வாசனை மட்டும் இருந்தது. பூட்டிய ஷட்டருக்கு முன்னால் காலித் தட்டுகளைக் கவிழ்த்துப்போட்டுக் கடை ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் கவ்ஸர் விடியும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே இருந்து அந்தத் தெருவைப் பார்த்ததில்லை. பெண்கள் பைகளோடு வந்து வரிசையாக நின்றார்கள். புகை வராததைக் கண்டு முணுமுணுத்தார்கள். ஹாஜி வந்தார். நிலைமையைப் பார்த்ததும் கவ்ஸரிடம் திரும்பிச் சிரித்தார்.

“ஏன் ரொட்டி இல்லைன்னு நீயே சொல்லு இவங்ககிட்ட. உன்னைச் சும்மா விடுவாங்களான்னு பாக்குறேன்.”

கவ்ஸர் எழுந்தாள்.

“ரொட்டியச் சின்னதாக்கச் சொன்னது ஹாஜி. உருட்டுனது நாங்க. தெரிஞ்சே உங்க கையில குடுத்தது நான். நேத்து அத்திய்யா விழுந்தான். நான் ரொட்டியத் தூக்கினேன். நீயும் தூக்குன, உம்மு ஹிந்த். முத்தம் குடுத்து மேல வச்சோம். அவன் கீழயே கிடந்தான். ஃபேன் ஓடணும், உருண்டை முழுசா வரணும், அவன் கூலி அவன் வீட்டுக்குப் போகணும். அதுவரைக்கும் மாவுல கை வைக்கிறதா இல்ல.”

வரிசை அசையவில்லை. பின்னாலிருந்து யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். அது யாருக்கு என்று தெரியவில்லை.

“இன்னைக்கு என் புள்ளைங்க எதத் திங்கும்?” என்றாள் உம்மு ஹிந்த்.

“தெரியல” என்றாள் கவ்ஸர். உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. திட்டுக்குக் காத்து நின்றாள்.

உம்மு ஹிந்த் காலிப் பையை மடித்தாள். இன்னும் மடித்தாள். பிறகு அதைத் தரையில் போட்டு, கவ்ஸரின் தட்டுக்குப் பக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

“காஞ்ச ரொட்டி கிடக்கு. தண்ணி தெளிச்சுத் தின்னுக்கும்” என்றாள். பிறகு ஹாஜியை ஏறிட்டுப் பார்த்து, “நாங்க வரிசையில நிக்கிறோம் ஹாஜி. நீங்க யோசிச்சு வாங்க” என்றாள்.

அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி உட்கார்ந்தாள். சிலர் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். போகாதவர்கள் அதே வரிசையில், அதே ஒழுங்கில் உட்கார்ந்தார்கள். ஹாஜி போனை எடுத்து யாரையோ அழைத்துக்கொண்டு சந்து முனைக்கு நடந்தார். அவர் போலீசைக் கூப்பிடுகிறாரா, வேறு கடை ஆட்களையா என்று பிஷாய் எட்டிப் பார்த்தான். ஷட்டர் பூட்டியே இருந்தது. ஃபேன் ஓடவில்லை.

உம்மு ஹிந்த் தொண்டையைச் செருமினாள்.

“நல்ல காலை, உம்மு ஹானி.”

கவ்ஸர் தலைத்துணியின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒளிக் காலை” என்றாள்.

“மல்லிகைக் காலை” வரிசையின் கடைசியிலிருந்து வந்தது.