மூன்றாம் நாள் நிறம்

அண்ணி சாயப்பட்டறையில் நிறம் பார்க்கிறவள். வாடிக்கையாளர் கொடுத்த மாதிரித் துணியும் தொட்டியிலிருந்து வந்த துணியும் ஒன்றுதானா என்று சொல்ல வேண்டும். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணிமேல் போட்டு, கண்ணைச் சுருக்கி, "சிவப்பு ஒரு சொட்டு தூக்கலா இருக்கு" என்பாள். ஆறு வருடமாக ஒரே வீட்டில் அண்ணனும் அவளும் கீழேயும் நானும் என் மகனும் மாடியிலும் இருந்தோம். அவள் நிறம் பார்ப்பதை ஒரு திறமை என்று நான் நினைத்ததே இல்லை. நான் நூலகத்தில் வேலை செய்கிறவள், படித்தவள். அந்த மிதப்பு எனக்கு உண்டு.

போன மாதம் எனக்கு மலேரியா வந்தது. முதலில் மூன்று நாள் மாத்திரை. பிறகு ரத்தம் சோதித்துவிட்டு, ஈரலில் பதுங்கியிருக்கும் கிருமிக்கென்று பதினான்கு நாளுக்கு வேறொரு மாத்திரை. ஒருவேளை விடாமல் முடித்தேன்.

இந்த மாதம் அண்ணனுக்கு அதே காய்ச்சல். மூன்று நாளில் விட்டது. "ரத்தம் சோதிச்சுட்டு வாங்க, அப்புறம்தான் அடுத்த மாத்திரை" என்று டாக்டர் அனுப்பினார். வேன் ஓட்டுகிறவனுக்குப் பொறுமை ஏது? வரிசையைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டான்.

"ஒரே வயித்துல பொறந்தோம். எனக்கு ஒத்துக்கிட்டது உனக்கு ஒத்துக்காதா?" என்று சொன்னவள் நான்தான். என் பழைய மருந்துச் சீட்டைக் காட்டி அந்த மாத்திரையை வாங்கி வந்தவளும் நான்தான்.

"சோதிக்கச் சொன்னாரே, எதுக்காம்?" என்றாள் அண்ணி.

"எல்லாருக்கும் சொல்றதுதான் அண்ணி."

மாத்திரையை அவள் தடுக்கவில்லை. ஆனால் போன மாதம் எனக்குத் துணையாக வந்தபோது நர்ஸ் சொன்னதை அவள் மறக்கவில்லை. நான் மறந்திருந்தேன். மூத்திரம் கறுத்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வர வேண்டும். மறுநாளிலிருந்து காலையில் கழிப்பறை வாசலில் அவள் நின்றாள்.

"இன்னிக்கு என்ன கலர்?"

"பட்டறையிலதான் கலர் பாக்குறேன்னா இங்கயுமாடி?"

"இங்க சம்பளம் இல்லாம பாக்குறேன். சொல்லுங்க."

நானும் சேர்ந்து சிரித்தேன்.

மூன்றாம் நாள் அண்ணன் "எப்பவும்போலத்தான்" என்று அவசரமாகக் கதவைச் சாத்தினான். அந்த அவசரம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒரு கண்ணாடிப் புட்டியைக் கையில் கொடுத்துத் திரும்ப உள்ளே அனுப்பினாள். வந்ததை ஜன்னலோரம் வெள்ளைத் துணிக்கு முன்னால் வைத்தாள். பால் விடாத காப்பி போல இருந்தது.

"வெயில்ல வண்டி ஓட்டுறேன், தண்ணி குடிக்கல, அதான்" என்றான் அண்ணன்.

"பாதில நிறுத்தினா காய்ச்சல் திரும்பிடும் அண்ணி" என்றேன் நான்.

"தண்ணி கம்மின்னா மஞ்சள்தான் கெட்டியாகும். இது வேற சாயம். அடியில சிவப்பு ஓடுது." அவன் கையிலிருந்த மூன்றாவது மாத்திரையைப் பிடுங்கிக்கொண்டு, கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். வெளுத்திருந்தது. "கிளம்புங்க. நீங்க ஓட்ட வேணாம்."

புட்டியை மடியில் வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அண்ணனுக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிறுநீரகம் தாங்குமா என்பதை இரண்டு நாள் யாரும் சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் நான் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் என்மேல் கோபம் எங்காவது தெரிகிறதா என்று. அண்ணன் பிழைப்பானா என்பதைவிட, அவள் என்னை மன்னிப்பாளா என்பதில் என் மனம் அதிகம் அலைந்தது. இதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் வார்டு ஜன்னலில் அன்று புதிதாகப் பிடித்த புட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெளுத்துடுச்சு" என்று அண்ணி முதல்முறையாக உட்கார்ந்தாள். ஆபத்து தாண்டிவிட்டது என்று டாக்டரும் சொன்னார்.

"இவர் ரத்தத்துல பிறவியிலேயே ஒரு குறை இருக்கு. இந்த மாத்திரை பட்டா சிவப்பணு உடைஞ்சுடும். அதுக்குத்தான் சோதிக்கச் சொன்னேன். ரெண்டோட நிறுத்துனதால பொழைச்சார். யாரு குடுத்தது?"

அண்ணி என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தான். எனக்கு ஒண்ணும் ஆகலையேன்னு..."

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. இது தாய் வழியா ஆண் பிள்ளைங்களுக்கு வர்றது. கூடப் பொறந்த பொண்ணுங்க சோதனையிலகூடத் தெரியாம சும்மா சுமந்துட்டு இருக்கலாம்."

நான் என் குற்றத்திலேயே மூழ்கிக் கிடந்தேன். அவர் சொன்னதன் பொருள் எனக்கு எட்டவில்லை. அண்ணிக்கு எட்டியது.

"அப்போ இவ பையனுக்கும் இருக்குமா டாக்டர்?"

"இருக்கலாம். பாத்துடுறது நல்லது."

இரண்டு நாள் தூங்காத கண்ணோடு அவள் என்னைப் பார்த்தாள்.

"நாளைக்கு ஸ்கூல் வேணாம். காலையில சாப்பாடு குடுத்து இங்க கூட்டிட்டு வா. ஊசின்னா பயப்படுவான், நான் மடியில வெச்சுக்குறேன்."