அரிஸ்டோய் வீடு யாருக்கு

என் பெயரை அடிக்கச் சொன்னவர் என் அப்பா. இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை. எதிராளி சொல்லியிருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

எங்கள் பள்ளத்தாக்கில் வீட்டையும் நிலத்தையும் யாரும் துண்டு போடுவதில்லை. பிள்ளைகளில் ஒருவருக்கு முழுசாகப் போகும். மற்றவர்கள் கப்பலேறுவார்கள், இல்லை சாமியாராவார்கள். அந்த ஒருவர் ஆணா பெண்ணா என்பது பேச்சே இல்லை. எங்கள் அரிஸ்டோய் வீடு அம்மாவுக்கு அவளுடைய அம்மாவிடமிருந்து வந்தது. அப்பா பெட்ரி ஒரு கட்டிலும் இரண்டு மாடும் சீராகக் கொண்டுவந்த வீட்டோடு மாப்பிள்ளை. எனக்குப் பன்னிரண்டு வயதிலேயே, "கட்டலின்தான்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அப்பாவும் தலையாட்டினார். அன்று முதல் மாதா கோயிலில் அம்மாவோடு எங்கள் கல்லில் உட்கார ஆரம்பித்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் கோயில் தரையில் ஒரு கல் உண்டு. அதில் உட்கார்ந்து, செத்தவர்களுக்கு மெழுகுத்திரி ஏற்றுகிறவள் வீட்டுக்காரி.

இரண்டு வருடமாகச் சண்டை. செத்துப்போன ராஜா தன் மூன்று வயது மகளுக்கு மணிமுடியை விட்டுப் போனார். பெண்ணுக்கு முடி கிடையாது, எனக்குத்தான் என்று அவருடைய தம்பி தொன் கார்லோஸ் கிளம்பினார். அந்தக் குழந்தை ராணியின் ஆட்கள் வந்தால் நம் பழைய வழக்கமெல்லாம் போய்விடும் என்று சாமியார் சொன்னார். ஊரே தொன் கார்லோஸ் பக்கம் சாய்ந்தது. அப்பாவும் என் தம்பி பெல்ட்ரனும் அவர் பட்டாளத்துச் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்டு போனார்கள்.

என் கல்யாண ஒப்பந்தத்துக்காக இருவரும் மூன்று நாள் லீவில் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை யோவானெஸும் அவனைப் பெற்றவர்களும் மேஜைக்கு அந்தப் பக்கம். நடுவில் நோட்டரி. அம்மா பாலாடைக்கட்டியை வெட்டிக்கொண்டிருந்தாள். நோட்டரி எழுதியதைப் படித்தார்: வீட்டின் வாரிசு, மூத்த மகள் கட்டலின்.

"அத அடிங்க" என்றார் அப்பா.

"எத?"

"அந்தப் பேர. பெல்ட்ரன்னு எழுதுங்க."

அப்பா முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டே கிண்டல் பண்ணுகிறவர். இதுவும் அப்படித்தான் என்று நான் சிரித்தேன். கூட யாரும் சிரிக்கவில்லை.

"பட்டாளத்துல மானம் போகுது" என்றார், என்னைப் பார்க்காமல். "பொண்ணுக்கு நாற்காலி கிடையாதுன்னு துப்பாக்கியத் தூக்கிட்டு வந்தவன், வீட்டத் தூக்கிப் பொண்ணுகிட்டக் குடுக்கப் போறியாமே, ஊருக்குத்தான் உபதேசமா பெட்ரின்னு கேப்டனே கேக்குறாரு. சுத்தி எல்லாரும் சிரிக்கிறானுங்க. நான் என்னன்னு பதில் சொல்ல?"

யோவானெஸின் அப்பா தொப்பியைக் கையில் எடுத்தார். "தப்பா நினைக்காதீங்க. எம் பையன் உங்க வீட்டுக்கு வர்றதாத்தான் பேச்சு. வீடில்லாத பொண்ணக் கட்டி அவன் எங்க போய்த் தங்குவான்?"

யோவானெஸ் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பெல்ட்ரன் தலையை நிமிர்த்தி உத்தரத்தைப் பார்த்தான், அப்புறம் சுவரை. தன் வீட்டைப் பார்க்கிற பார்வை. ஒரு நொடிதான்.

அம்மா கத்தியைத் துடைத்து வைத்தாள்.

"ஏங்க, இந்தச் சட்டம் என்னிக்கிலேர்ந்து?"

"என்னிக்கும் உள்ளதுதான். கடவுள் போட்டது."

"சரி. அப்ப எனக்கும் இந்த வீடு கிடையாது." நோட்டரியிடம் திரும்பினாள். "ஐயா, எங்கம்மாவுக்கு ஆம்பளப் புள்ள யாரு?"

நோட்டரி பேனாவைக் காதோரம் தேய்த்தார். "உங்க தம்பி ஃபெர்மின்."

"எங்க இருக்கான்?"

ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுப்பதில்லை. நோட்டரி மெதுவாகச் சொன்னார்: "பம்ப்லோனாவுல. ராணி பட்டாளத்துல."

"அவன் பேர எழுதுங்க" என்றாள் அம்மா. "நாங்க மூட்டை கட்டுறோம். இவரு கொண்டாந்த கட்டில இவரே எடுத்துக்கலாம். மாடு ரெண்டும் செத்துப்போச்சு."

எதிரிக்கே வீட்டைத் தூக்கிக் கொடுக்கிற சட்டத்தை அப்பா தன் வாயாலேயே சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"பழைய வழக்கத்தக் காப்பாத்தத்தானே போனீங்க?" என்றாள் அம்மா. "இந்த வீட்டுல இதான் பழைய வழக்கம்."

அப்பா நோட்டரி பக்கம் திரும்பி, "இருக்கட்டும். எழுதினத அடிக்க வேணாம்" என்றார்.

யோவானெஸின் அப்பா தொப்பியைக் கீழே வைத்துவிட்டு ஒரு துண்டு பாலாடைக்கட்டியை எடுத்துக்கொண்டார். கல்யாணம் ஈஸ்டருக்குப் பிறகு என்று முடிவாயிற்று. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. பத்து வருடமாக என்னுடையது என்று இருந்ததை ஒரு சொல்லில் பிடுங்கி இன்னொரு சொல்லில் திருப்பிக் கொடுத்துவிட்டார். இனி எப்போது பிடுங்குவாரோ என்றுதான் தோன்றியது.

மூன்றாம் நாள் காலை இருவரும் கிளம்பினார்கள். வாசலில் பெல்ட்ரன், "நான் கேக்கலக்கா" என்றான்.

"தெரியும்டா."

அப்பா தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னும் எதுக்குப்பா போறீங்க?"

"அது ராஜாங்க விஷயம். இது வீடு" என்றார். படியிறங்கிப் போய்விட்டார்.

ஈஸ்டருக்கு முன்பே பெல்ட்ரன் தனியாகத் திரும்பி வந்தான். கையில் இரண்டு தொப்பி இருந்தது. ஏதோ ஒரு பாலத்தடியில் அப்பாவுக்குக் குண்டு பட்டதாம். பாலத்தின் பெயர் அவனுக்கே தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அம்மா கல்லின் நடுவை எனக்கு விட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தாள். "இனிமே நீ ஏத்து" என்றாள். அப்பாவுக்கு மெழுகுத்திரி ஏற்றினேன்.

சாமியார் பிரசங்கத்தில் அப்பாவின் பெயரைச் சொன்னார். தகப்பன் இருந்த இடத்தில் ஒரு பெண் உட்காரக் கூடாது என்பதற்காக அரிஸ்டோய் வீட்டுப் பெட்ரி உயிரைக் கொடுத்தார் என்றார். மேல்தளத்தில் நின்ற ஆண்கள் ஆமென் என்றார்கள். கீழே, அவரவர் வீட்டுக் கல்லில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் விரலில் மெழுகு சொட்டிக்கொண்டிருந்தது. கையை எடுக்கத் தோன்றவில்லை. அம்மாதான் எடுத்துவிட்டாள்.