துபாஷி லீவு போட்ட நாள்

மகளுக்கு டான்சில் ஆபரேஷன் என்று துபாஷி ஒரே ஒரு நாள்தான் லீவு போட்டாள். நாற்காலித் தொழிற்சாலையில் நாலு வருஷமாக நடக்காத சண்டை அந்த ஒரு நாளில் நடந்து முடிந்துவிட்டது.

பள்ளிக்கூடங்களுக்கு இரும்புக் குழாயில் நாற்காலி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிற்சாலை அது. வாங்குகிற கம்பெனியிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பெண்மணி வந்து சரக்கைச் சோதிப்பார். மழையோ வெயிலோ, முழங்கால் உயர பூட்ஸ்தான் போடுவார் என்பதால் வெல்டிங் ஷெட்டில் அவருக்கு 'பூட்ஸம்மா' என்று பெயர். அவர் பேசுவதை இவர்களுக்கும், இவர்கள் பேசுவதை அவருக்கும் மொழிபெயர்த்துச் சொல்வதால் இவள் துபாஷி.

மத்தியானம் இரண்டு மணிக்கு, மகள் மயக்கம் தெளிந்து ஐஸ்கிரீம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், முதலாளி போன் செய்தார்.

"மாஸ்டர் கையுறையைக் கழட்டி வீசிட்டு வீட்டுக்குப் போயிட்டாரும்மா. இனிமே வரமாட்டாராம்."

மாஸ்டர்தான் வெல்டிங்குக்குத் தலைவர். இருபத்தாறு வருஷ சர்வீஸ். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை.

"என்ன சார் ஆச்சு?"

"நீ இல்லையேன்னு போன்ல மொழிபெயர்க்கிற ஆப்பை வச்சுப் பேசினாங்க. அந்தம்மா என்னவோ சொன்னாங்க. போன் சத்தமா, 'இது மோசமான வேலை, நீ ஏன் இப்படிச் செய்தாய்?'னு கேட்டுடுச்சு. ஷெட்டே வேலையை நிறுத்திட்டுப் பார்த்துச்சு. அத்தனை பேர் முன்னாடி அவரைப் போய் 'நீ'ன்னு..."

துபாஷிக்கு விஷயம் புரிந்துவிட்டது. பூட்ஸம்மாவின் மொழியில் நீ, நீங்கள் என்ற வித்தியாசமே கிடையாது. கைக்குழந்தையிலிருந்து கம்பெனித் தலைவர் வரை எல்லாருக்கும் ஒரே சொல்தான். அதை விளக்கிவிடலாம். 'மோசம்' என்பதை எப்படி விளக்குவது? பூட்ஸம்மா அதை இன்று புதிதாகச் சொல்லவில்லை. வந்த ஒவ்வொரு தடவையும் சொன்னார். துபாஷிதான், 'இன்னும் கொஞ்சம் நல்லா வரலாமேன்னு நினைக்கிறாங்க' என்று அதைப் பதமாக்கி மாஸ்டர் காதில் போட்டு வந்தாள்.

மறுநாள் காலை மகளைக் கணவனிடம் விட்டுவிட்டு, பூட்ஸம்மாவைக் கூட்டிக்கொண்டு மாஸ்டர் வீட்டுக்குக் கிளம்பினாள். வழியில், காரிலேயே உண்மையைச் சொல்லிவிட்டாள். பூட்ஸம்மா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வெளியே பார்த்தபடியே, "ஒவ்வொரு தடவையும் ஒன்றையேதான் சொல்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார். என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார் தன் மொழியில்.

மாஸ்டரின் மனைவி கதவைத் திறந்து உட்காரச் சொன்னார். பனியனோடு இருந்த மாஸ்டர் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பட்டன் ஒன்று தப்பிப் போயிருந்தது.

முதலில் 'நீ' விஷயத்தை விளக்கினாள் துபாஷி.

"சரிம்மா, அது மிஷின். அதுக்கு என்ன தெரியும்? மோசம்னதும் மிஷின் சொன்னதுதானா?"

"இல்ல மாஸ்டர். அது அவங்க சொன்னது."

"முந்தாநேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, நேத்து மட்டும் மோசமாயிடுச்சா?"

ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "நாலு வருஷமாவே சொல்றாங்க. நான்தான் உங்ககிட்ட மாத்திச் சொன்னேன்."

மாஸ்டர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப என் வேலை சரியில்லைன்னு கடல் தாண்டி இருக்கிறவங்களுக்கெல்லாம் தெரியும். எனக்குத்தான் தெரியாது. நானும் பல்லை இளிச்சுக்கிட்டு நின்னுருக்கேன்."

"உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் மாஸ்டர்..."

"மனசு நொந்தா நாலு நாள்ல ஆறிடும்மா. அதுல உக்கார்றது சின்னப் பிள்ளைங்க. அதை நினைச்சியா?"

என்ன பேசுகிறீர்கள் என்று பூட்ஸம்மா கேட்டார். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். தன்னைப் பற்றிய திட்டையும் சேர்த்து.

பூட்ஸம்மா பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். நாற்காலியின் பின்கால் இணைப்பில் ஒரு விரிசல். மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெல்டு கெட்டியா பிடிச்சிருக்கு. அதுக்குப் பக்கத்துல குழாய்தான் கிழிஞ்சிருக்கு. கொஞ்சம் தடிச்ச குழாயா இருந்தா நல்லா இருக்கும்னு நான் சொல்லிக்கிட்டேதானே இருந்தேன்?"

சொன்னார்தான். அதையாவது துபாஷி மாற்றவில்லை. வார்த்தைக்கு வார்த்தை அப்படியே கொடுத்திருந்தாள். அந்த மொழியில் அது வெறும் ஆசை. கேட்டவர்கள், யாருக்குத்தான் தடித்த குழாய் பிடிக்காது என்று விட்டிருப்பார்கள். மாஸ்டர் வாயிலிருந்து அது வந்தால் எச்சரிக்கை என்பது இவளுக்குத் தெரியும். தெரிந்தும் வார்த்தையை மட்டும் கொடுத்துவிட்டு இருந்துவிட்டாள்.

இப்போது சொன்னாள்: "இந்தக் குழாய் தாங்காது என்று இவர் ரொம்ப நாளாக எச்சரித்திருக்கிறார். நாங்கள் எச்சரிக்கிறது இப்படித்தான் இருக்கும்."

பூட்ஸம்மாவின் முகம் சிவந்தது. "குழாயைத் தேர்ந்தெடுத்தது எங்கள் ஆபீஸ். எடை குறைய வேண்டும் என்று. அவர் வேலையைக் குற்றம் சொன்னது என் தப்பு. மன்னிக்கச் சொல்லிக் கேளுங்கள். மாற்றாமல் கேளுங்கள்."

மாஸ்டர் கேட்டுவிட்டு, "இனிமே தாங்காதுன்னா தாங்காதுன்னே சொல்லிடறேன். வாய் கூசும், ஆனா சொல்லிடறேன். அவங்களும் குறை இருந்தா என்னைத் தனியா கூப்பிட்டுச் சொல்லட்டும், ஷெட்டு நடுவுல வேணாம்" என்றார்.

பூட்ஸம்மா சம்மதித்தார்.

திங்கட்கிழமை மாஸ்டர் வேலைக்கு வந்தார். குழாய் மாறியது, சரக்கு ஆறு வாரம் தாமதமாகக் கிளம்பியது. முதலாளி துபாஷியை அறைக்குள் கூப்பிட்டு அரைமணி நேரம் காய்ச்சி எடுத்தார். அவள் நின்று வாங்கிக்கொண்டாள்.

மாஸ்டர் அவளிடம் முகம் கொடுத்துப் பேசினார். ஆனால் அவள் ஒவ்வொன்றையும் சொல்லி முடித்ததும், "அவங்க சொன்னதேதானே?" என்று கேட்டார். "அதேதான் மாஸ்டர்" என்பாள். ஒவ்வொரு தடவையும் சுருக்கென்றது. கேட்பது நியாயம்தான் என்றும் பட்டது. அதற்கப்புறம் பூட்ஸம்மா மூன்றாவது தடவை வந்தபோது அவர் கேட்காமலே வேலையைப் பார்க்கத் திரும்பினார். துபாஷி கொஞ்ச நேரம் காத்துக்கொண்டு நின்றாள். பிறகு நோட்டை மூடிக்கொண்டு பூட்ஸம்மாவின் பின்னால் அடுத்த மேசைக்கு நடந்தாள்.