பதினோரு இலக்க எண்

அக்காள் புருஷன் கணிதப் பேராசிரியர். தம்பிக்காரன் அதே கல்லூரியில் கணினி அறையைப் பார்த்துக்கொள்பவன். கணக்குப் பரீட்சையில் மூன்று முறை கோட்டைவிட்டவன் என்பதால் பேராசிரியர் அவனுக்கு வைத்த பெயர் மீதி. வகுப்பறையிலும் மீதி, விருந்தாளிகள் முன்னாலும் மீதி. அவனும் ஈயென்று இளித்துவைப்பான், உள்ளுக்குள் கறுவிக்கொள்வான்.

பேராசிரியருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசை. இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றைக் கழித்து, இரண்டு கோடி இலக்கத்தில் ஓர் எண்ணைப் பிடித்து வைத்திருந்தார். அது வேறெந்த எண்ணாலும் வகுபடாத பகா எண் என்று தேறினால் தன் பெயர் நிலைக்கும் என்று நம்பினார். சோதனைக்குப் பதினான்கு மாதம் பிடிக்கும். அதற்கு முன் சின்ன எண்கள் ஏதாவது அதை வகுக்கின்றனவா என்று சலித்துப் பார்க்கவேண்டும். அற்ப வேலை. அதை மீதியின் தலையில் கட்டினார்.

மூன்றாம் நாளே பதினோரு இலக்க எண் ஒன்று மிச்சமில்லாமல் வகுத்துவிட்டது. சொல்லப் போனவனைப் பார்த்து, மற்ற ஆசிரியர்கள் முன்னால், "என்ன மீதி, அடுத்த ஜென்மத்துக்குள்ள முடிச்சிருவியா?" என்றார். அறையே சிரித்தது.

"முடிச்சிட்டேன் அத்தான். எதுவும் வகுக்கல."

மீதியின் வேலையைச் சரிபார்ப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். நேராகப் பெரிய சோதனையைத் தொடங்கிவிட்டார்.

அடுத்த வாரம் கண் டாக்டர், உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பார்வை போய்விடும் என்றார். மாதக்கணக்கில் படுத்துக்கொண்டால் இயந்திரத்தை யார் பார்ப்பது என்று பேராசிரியர் மறுத்துவிட்டார்.

"நீயாவது சொல்லேன்டா" என்று அக்காள் தம்பியிடம் அழுதாள்.

"அத்தான் யார் பேச்சக் கேட்டாரு?" என்றான். எண் வகுபட்டதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சோதனையே நின்றிருக்கும். பாவி, சொல்லவில்லை. அன்று இரண்டு தட்டு சாப்பிட்டான்.

ஒன்பதாம் மாதம் இடது கண் போனது. பன்னிரண்டாம் மாதம் வலது.

சோதனை முடிந்த அன்று அக்காள் அவரைக் கைப்பிடித்துக் கூட்டிவந்தாள். மீதிதான் திரையைப் படித்தான். "பகா எண் இல்ல அத்தான்."

"எது வகுக்குதுன்னு இந்தச் சோதனை சொல்லாது" என்றார் பேராசிரியர், தனக்குத்தானே.

இதற்காகத்தான் அவன் காத்திருந்தான். பதினோரு இலக்கத்தையும் மனப்பாடமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

"போட்டுப் பாரு."

கண்மூடித் திறப்பதற்குள் மிச்சம் பூஜ்யம் என்று வந்தது. அதையும் படித்துக் காட்டினான்.

"எப்பக் கண்டுபிடிச்ச?"

"மூணாம் நாள்."

கத்துவார் என்று எதிர்பார்த்தான். அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார்.

"வகுக்கிற எண்ணக் கண்டுபிடிச்சா உலகப் பட்டியல்ல பதியணும் மாப்ள. உன் முழுப் பேரப் போடு. கண்டுபிடிச்ச தேதியும் கேப்பாங்க, சரியாப் போடு. அதுல ஏறினா அழிக்க முடியாது."

"அத்தான், அது வந்து..."

"எனக்குக் கண்ணு தெரியாது. உங்கக்கா படிச்சுப் பாப்பா."

அக்காள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தம்பியின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். அவன் அடித்த தேதியை உரக்கப் படித்தாள்.

"டாக்டர்ட்ட போனதுக்கு முந்தின வாரம்" என்றாள்.