தலைவலிக்கு ஒரு கப்பல் டிக்கெட்

அறுபத்து மூன்றாம் வருஷம் மழை பிடித்துக்கொண்டு, எங்கள் தீவுக்குச் சரக்கு கொண்டுவரும் மெட்ராஸ் கப்பல் தள்ளிப்போனது. நாங்கள் குடியிருந்த ஜங்லிகாட் கடைகளில் முதலில் காப்பித்தூள் காலி, பின்னாலேயே டீத்தூளும். மறுநாளே எனக்கு மண்டையைப் பிளந்தது. குமட்டல், கை நடுக்கம், யாரைப் பார்த்தாலும் எரிச்சல். தீவில் எது வந்தாலும் மலேரியா என்றுதான் பேச்சு. என் கணவர் பாலசுப்பிரமணியமும் கசப்பு மாத்திரையை நீட்டினார். அவருக்கென்ன, அவர் வேலை பார்த்த கான்ட்ராக்டர் துரைசாமி வீட்டில் தினமும் காப்பி கிடைத்துக்கொண்டிருந்தது.

"போன தடவை மெட்ராஸ் ஜஹாஜ் லேட்டானப்பவும் இப்படித்தான் படுத்தே. இந்த ஊரு உனக்கு ஒத்துக்கலை நீலா. வர்ற கப்பல்லயே திருச்சிக்குப் போயிடு. டிக்கெட் போட்டுட்டேன்."

புரோத்ராபூர் பள்ளியில் எனக்கு டீச்சர் வேலை கிடைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. திருச்சிக்குப் போனால் மறுபடி மாமியார் வீட்டு அடுப்படிதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று பக்கத்து வீட்டு சுப்பம்மாள் அக்கா, ஒளித்து வைத்திருந்த தூளில் ஒரு டம்ளர் கலந்து கொடுத்தாள். குடித்த சற்று நேரத்தில் தலைவலி போன இடம் தெரியவில்லை. காப்பிக்கு அடங்குகிற மலேரியா எந்த ஊரில் இருக்கிறது?

அவரிடம் சொன்னேன். சிரித்தார்.

"காப்பியால உடம்புக்கு வரும்னா மெட்ராஸே ஆஸ்பத்திரியிலதான் கிடக்கணும். பாகல் மாதிரி, பைத்தியக்காரி மாதிரி பேசாதே."

"குடிச்சு வரலை, குடிக்காம வருது. அந்தப் பழக்கத்தையே விட்டுட்டா அப்புறம் ஏன் வரப்போகுது? கப்பல் வர்றதுக்குள்ள விட்டுக் காட்டறேன். டிக்கெட்டைக் கிழிச்சிடணும்."

"பார்க்கலாம், பார்க்கலாம்."

அக்காவிடம் மிச்சத் தூளைக் கெஞ்சி வாங்கினேன். ஒரேயடியாக நிறுத்தினால்தானே மண்டை உடைகிறது? முழு டம்ளரை அரையாக்கினேன், அரையைக் காலாக்கினேன், கடைசியில் காப்பி நிறத்தில் வெறும் வெந்நீர். நடுவில் வலி எட்டிப் பார்க்காமல் இல்லை. பள்ளியில் எல்லார் மேலும் எரிந்து விழுந்தேன். நெற்றியில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டே பாடம் நடத்தினேன். நான் எங்கே வாழவேண்டும் என்று ஒரு பிடித் தூளா முடிவு பண்ணும்?

கப்பல் வந்தபோது வலி அறவே இல்லை. அவர் புதுத்தூளில் டிகாக்‌ஷன் இறக்கி, நுரை ததும்ப என் முன்னால் வைத்தார். நாக்கு ஊறியதை மறைக்கமாட்டேன். டம்ளரை அவர் பக்கமே நகர்த்தினேன்.

"நீங்க குடிங்க. எனக்கு ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"அப்ப டிக்கெட்?"

"கிழிக்க மனசில்லைன்னா நீங்க ஏறிப் போங்க. நான் இங்கேதான் இருப்பேன்."

பதிலுக்குக் காத்திராமல் குடையை எடுத்துக்கொண்டு புரோத்ராபூர் பஸ்ஸுக்கு நடந்தேன்.