முதல் குவளை ஜன்னலுக்கு

“அப்படி ஒரு ஆளே கிடையாது மிஸ்டர் பிங்க்னி. போன மாசம் இதே மேஜையில பென்சிலைக் கடிச்சுக்கிட்டே நீங்க...”

“கிடையாதுன்னு எனக்குத் தெரியாதா மிஸ் ஸ்பர்லிங், எழுதினதே நான்தானே. ஆனா அவர் கீழே கேட்டுல நிக்கிறாரே, அதுக்கு என்ன...”

“நிக்கட்டும். இது எங்கம்மா வடிச்ச ஜின்.”

“தன்னோட நாற்காலி எங்கேன்னு கேக்கிறார்.”

நாற்காலி விளம்பரத்தில்தான் இருந்தது, ஆலையில் இல்லை. பண்டசாலையிலிருந்து ஒன்றைத் தூக்கிவந்து போட்டார்கள். 1931 மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, தேம்ஸ் நதிக்கரையில் ரோதர்ஹைத் படகுத்துறைக்குப் பக்கத்திலிருந்த ஸ்பர்லிங் ஜின் ஆலைக்குக் கேப்டன் ஜோசையா த்ரப் வந்து சேர்ந்தது இப்படித்தான். அன்று நிலக்கரி மூட்டைக்கு ஒரு பென்னி ஏறியிருந்தது. ஆற்றில் நீர் வடிந்திருந்தது. மூன்று முனைத் தொப்பியும் பித்தளைப் பொத்தான் கோட்டுமாக ஒருவர் சேற்றைத் தாண்டி வந்தார் என்பதைவிட, நிலக்கரி விலையைப் பற்றித்தான் துறையில் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

அதற்கு முந்தைய கதை சிறியது. டார்கஸ் ஸ்பர்லிங் கப்பல்காரர்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக்கொடுத்தவள். 1889இல், துணி வராத நாட்களில், வெள்ளாவிக் கொப்பரையிலேயே ஜூனிப்பர் காயையும் எலுமிச்சைத் தோலையும் போட்டு ஜின் வடிக்கத் தொடங்கினாள். புட்டியில் ஒட்டிய காகிதத்தை, சட்டைக்குப் போட்டு மிஞ்சிய நீலத்தில் முக்கி உலர்த்தினாள். வடிப்பில் முதலில் சொட்டுவது விஷம், குடித்தால் கண் போகும் என்பது அந்தக் கரையில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். டார்கஸ் அதைக் கீழே கொட்டவில்லை. முதல் குவளை ஜன்னலுக்கு என்பாள். ஒவ்வொரு திங்களும் அதில் துணியை நனைத்துக் கண்ணாடிகளைத் துடைப்பாள். தெருவிலேயே அவள் வீட்டு ஜன்னல்தான், மூடியிருந்தாலும் திறந்திருப்பதுபோல இருக்கும். பின்னால் காலடி கேட்டால் திரும்பாமலே “துணியா, சும்மாவா?” என்பாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகள் ஹெஸ்டரின் காலடி மட்டும் அவளுக்குத் தனியாகத் தெரியும். “துணியாடி, சும்மாவா?” என்பாள். ஹெஸ்டர் “சும்மாதாம்மா” என்பாள். அது அவர்களுடைய விளையாட்டு.

டார்கஸ் போய்ப் பன்னிரண்டு வருஷத்தில் விற்பனை துறைமுகத்துக் குடிக்கடைகளோடு சுருங்கிவிட்டது. விளம்பரக்காரர் பிங்க்னியை ஹெஸ்டர் கூட்டிவந்தாள். சலவைக்காரம்மா வடித்த ஜின்னை மேஃபேர் கனவான் எவன் கேட்டு வாங்குவான் என்றார் அவர். புட்டியில் நாலு வரிக்குத்தான் இடம். 1769இல் கேப்டன் ஜோசையா த்ரப் ஏழு கடல் தாண்டி இந்த ரகசியத்தைக் கொண்டுவந்தார். ஓக் நாற்காலியில் அமர்ந்து, திங்கள்தோறும் வடிப்பின் முதல் குவளையை அரசரின் நலத்துக்காக அருந்தினார் என்று எழுதினார். பிங்க்னி அதுவரை ஒரு வடிசாலைக்குள்ளும் கால் வைத்ததில்லை. முதல் குவளை என்றால் முதல்தரமானது என்று நினைத்துவிட்டார். ஹெஸ்டராவது பார்த்திருக்கலாம். அம்மாவின் பெயரை அடித்திருந்த கோட்டிலேயே அவள் கண் நின்றுவிட்டது. கீழே படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

ஜின் லண்டனைத் தாண்டி ஷாங்காய் வரைக்கும் போனது. கேப்டன் நாற்காலியில் இருந்தார். நல்ல மனிதர். எந்தெந்தக் கடல் என்று கேட்டால் ஏழு என்பார். பெண்டாட்டி பிள்ளை உண்டா என்றால், மன்னிக்கவும், அது எழுதப்படவில்லை என்பார். விலாங்கு மீன் பணியாரத்தைச் சாப்பிடப் பழகிக்கொண்டார். திங்கட்கிழமை காலை ஆனால் எழுந்துபோய் முதல் குவளையைப் பிடித்து, அரசரை வாழ்த்தி, ஒரே மடக்கில் குடிப்பார். குவளையை ஒளித்து வைத்தார்கள், கையில் இன்னொன்று இருந்தது. தேநீரை ஊற்றிக் கொடுத்தார்கள், உதட்டுக்குப் போவதற்குள் தேநீர் முதல் வடிப்பாக மாறியது. முதல் வருஷம் அவருக்கு மறுகரை மறைந்தது. இரண்டாம் வருஷம் படகுகள் மறைந்தன. முதல் குவளை கிடைக்காமல் ஆலையின் ஜன்னல்களும் மங்கின. சோடாவுக்கும் வினிகருக்கும் அவை மசியவில்லை.

முதல் ஆறு மாதம் ஹெஸ்டர் அவரிடம் பேசவே இல்லை. அம்மாவின் இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஆள். பிறகு, படியில் தடுமாறியவரைக் கைகொடுத்து இறக்கிவிட்டபோது அவர் கேட்டார்:

“எனக்கு நாலு வரிதான் இருக்கு மிஸ் ஹெஸ்டர். உங்ககிட்ட நிறைய இருக்கும்போல. ஒண்ணு குடுங்களேன்.”

இருந்ததெல்லாம் அம்மா மட்டும்தான். தினம் ஒன்றாகக் கொடுத்தாள். துணிக்கவ்விகளைப் பல்லில் கடித்துக்கொண்டே அம்மா பாடும் பாட்டு, சோடாவில் வெந்து வெளுத்த விரல்கள், கஞ்சி போட்ட காலர் உடைகிற சத்தம், திரும்பாமல் கேட்கும் அந்தக் கேள்வி. கேப்டன் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பார். பன்னிரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாததை, இல்லாத ஒரு மனிதரிடம் சொல்வது அவளுக்குச் சுலபமாக இருந்தது. ஒருநாள் நேரே பார்த்துக்கொண்டு பேசும்போதே, “ஹெஸ்டர் எங்கே போயிட்டாங்க?” என்று கேட்டார். அன்றே அவள் பிங்க்னிக்கு ஆள் அனுப்பினாள்.

விற்கிற சரக்கின் மேல் கைவைக்காதீர்கள் என்று பிங்க்னி மன்றாடினார். கடைசியில், ஒரு வரியை எடுத்தால் ஒரு வரி வைக்கலாம், எழுத்தை வேண்டுமானால் பொடியாக்குகிறேன் என்று இறங்கிவந்தார். ஹெஸ்டர் அரசரின் நலத்துக்குக் குடிக்கும் வரியை எடுத்தாள். அந்த இடத்தில் எழுத ஒன்பது நாள் ஆயிற்று. பாட்டை வைத்தால் ஜன்னலுக்கு இடமில்லை. விரல்களை வைத்தால் பெயர் வெளியே போகிறது. முடிவில் இப்படி நின்றது: முதல் குவளையை அவர் குடிப்பதில்லை; இருபத்தாறு வயது டார்கஸ் ஸ்பர்லிங்கிடம் தருகிறார்; துணிக்கவ்வியைக் கடித்தபடி அவள் அதில் ஜன்னல் துடைக்கிறாள்; வருகிறவர்களை ‘துணியா, சும்மாவா’ என்று கேட்கிறாள்.

“இது ஜின் லேபிளா, லாண்டரி போர்டா?” என்றார் பிங்க்னி.

அச்சானது. மகள் என்ற சொல் அதில் இல்லை. அம்மாவைப் பற்றி எழுதும்போது தன்னையும் எழுத வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்.

வெள்ளிக்கிழமை புட்டிகளில் ஒட்டினார்கள். திங்கட்கிழமை ஹெஸ்டர் அம்மாவின் ஊதாக்கல் புரோச்சைக் குத்திக்கொண்டு வந்தாள். நாற்பத்து நாலு வயதில் படியை இரண்டிரண்டாக ஏறினாள். கேப்டன் நாற்காலியில் வெறுங்கையோடு இருந்தார். மறுகரையில் மணல் படகு ஒன்று திரும்புகிறது, சுக்கான் பிடிப்பவன் சிவப்புத் துண்டு கட்டியிருக்கிறான் என்றார். ஜூனிப்பர் இன்று என்ன விலைக்கு வந்தது என்றும் விசாரித்தார். பிறகு முற்றத்துப் பக்கம் கையைக் காட்டினார்.

முற்றத்தில், முழங்கைக்கு மேல் மடித்த சட்டையும் இடுப்பில் கட்டிய நீலம் பட்ட முன்துணியுமாக ஒரு பெண் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஆறு ஜன்னல் முடிந்திருந்தது. ஆறும் திறந்திருப்பதுபோல இருந்தன. ஹெஸ்டர் கல்தரையில் குதிகாலை வேண்டுமென்றே அழுத்தி வைத்து நடந்தாள். சின்ன வயதில் அப்படித்தான் நடப்பாள்.

துடைக்கிற கை நின்றது. அந்தப் பெண் திரும்பினாள். புரோச்சையும் தொப்பியையும் நரைத்த முன்முடியையும் ஒரு வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்தாள். வாயிலிருந்து துணிக்கவ்வியை எடுத்தாள்.

“துணியா மேடம், சும்மாவா?”