சிரிக்கிற முகத்தைத் தொட்டவர்

1

இது நான் எழுத வந்த கதை இல்லை. நடமாட முடியாத முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஒரு தொண்டு நிறுவனம், நோயாளி தன் வாயால் சொன்ன முன்னேற்றத்தைப் பற்றி உருக்கமாக ஒரு பக்கம் கேட்டது. அதற்காகத்தான் ஜவ்வாது மலை ஏறினேன். அந்த ஒரு பக்கத்தை என்னால் எழுத முடியவில்லை. இதுதான் வந்தது.

2

“மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. தீர்த்தகிரி தன்…”

வேண்டாம். பனியைக் காட்டி யாரை ஏமாற்றப் போகிறேன்? தீர்த்தகிரிக்கு எண்பது நெருங்குகிறது. சாமை விதைத்து, புளி உலுக்கிய உடம்பு, இப்போது பிடிக்க ஆள் இல்லாமல் எழாது. மகன் குடகில் காப்பித் தோட்ட வேலையில் இருக்கிறான். மருமகள் கல்பனாதான் எல்லாம். வாரா வாரம் நர்ஸ் தமிழரசி வந்து, முட்டியை நீவி, கைத்தாங்கலாக வாசல்வரை நடத்துவார். போகும்போது, வலியைக் காட்டச் சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம்வரை வரைந்த அட்டையை நீட்டி, இந்த வாரம் எந்த முகம் என்று கேட்பார்.

தீர்த்தகிரி எப்போதும் சிரிக்கிற முகத்தையே தொட்டார்.*

* மலையேறி வந்தவரிடம் தன் நோவைச் சொல்லி அனுப்புவது அவர் வீட்டு வழக்கமில்லை. அதிலும் மருமகள் பக்கத்தில் நிற்கும்போது.

3

தமிழரசியைக் கல்நெஞ்சக்காரியாக எழுதிப் பார்த்தேன். கதைக்கு வசதியாக இருந்தது, ஆனால் பொய். அவர் பெரியவர் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான். சிரிக்கிற முகமே தொடர்ந்து வந்தால் நிறுவனத்துக்கு அவர் தேறியவர். தேறியவர் வீட்டுக்கு யாரும் போவதில்லை. வருகை நின்றது, தீர்த்தகிரி மறுபடி படுக்கையில் விழுந்தார்.

4

நான் போனதும் அவர் கேட்டார்:

“நல்லாத்தான் கீறேன்னு சொன்னேனே. அப்புறம் இன்னாத்துக்கு அந்தப் பொண்ணு வர்ல?”

குறை சொன்னால் வரமாட்டாள் என்று பயந்து வலியை விழுங்கியிருக்கிறார். வலிக்கிறது என்றால்தான் வருவார்கள் என்று சொல்லிவிட்டேன். [சொல்லியிருக்க வேண்டாமோ?]

அவர் கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

“அழுவுற மூஞ்சிய தொட்டா, மருமவ சரியா பாக்கலன்னு ஆயிடாதா? என்னைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பே வுட்டுப்போச்சுங்க.”

5

முடிவு ஒன்று: அழுகிற முகத்தைத் தொடுகிறார். நர்ஸ் வருகிறார். ஊர் கல்பனாவை… [இதற்கு மேல் எழுத மனம் வரவில்லை.]

முடிவு இரண்டு: சிரிக்கிற முகம். நிறுவனம் கேட்ட பக்கம் தயார்.

முடிவு மூன்று: கல்பனா உள்ளே வந்து, “பொய் சொல்லாத மாமா, என்னாலயும் முடியல” என்கிறாள். இது நான் அவள் வாயில் வைத்த பேச்சு. உண்மையில் அவள் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே வரவில்லை.

6

அவருக்கு வலி இருக்கிறது என்று நிறுவனத்திடம் சொன்னேன்; என் சாட்சி செல்லாதாம், நோயாளியே சொல்ல வேண்டுமாம். நான் கெஞ்சிக் கேட்டதால் தமிழரசி இன்னொரு முறை வந்து அட்டையை நீட்டியிருக்கிறார். கல்பனா அதே கதவோரம் நிற்கிறாள். தீர்த்தகிரியின் விரல் முகங்களுக்கு மேலே அலைகிறது. அதை எந்த முகத்தில் இறக்கவும் எனக்கு உரிமையில்லை.

வேண்டுமானால் நீங்களே கேட்டுப் பாருங்கள். ஆனால் நீங்களும் இவ்வளவு தூரம் ஏறி வந்தவர். உங்களிடமும் அவர் நல்லாத்தான் கீறேன் என்றுதான் சொல்வார்.